சட்டம்பியின் பிரம்பும் வகுப்பறை வாங்கும்: வல்வெட்டித்துறைச் சூழலில் மாணவர் கொடுமையின் வரலாறு

யாழ்ப்பாணத்துத் தமிழில் 'சட்டம்பியார்' என்பது ஊர்ப் பள்ளிக்கூடத்து ஆசிரியரைக் குறித்த பழைய மரியாதைச் சொல்லாகும். அதனோடு உறவுடைய 'சட்டாம்பிள்ளை' தமிழகத்தில் ஆசிரியரைக் குறிக்கவில்லை; அவர் இல்லாத வேளையில் மற்றப் பிள்ளைகளை அடக்கி வைத்திருக்கும் மூத்த மாணாக்கனையே குறித்தது. மலையாளத்திலும் 'சட்டம்பி' முதலில் அத்தகைய மாணவத் தலைவனுக்கு வழங்கிய பெயராகவே இருந்தது. கேரளத்தின் சீர்திருத்தத் துறவியான சட்டம்பி சுவாமிகள் (1853–1924) தாம் படித்த பள்ளியில் அப்பொறுப்பை வகித்ததனாலேயே அப்பெயரைப் பெற்றார். எனினும் இன்று மலையாளிகள் அச்சொல்லைத் தெருவில் அடாவடி செய்பவனுக்கே வழங்குகின்றனர். ஆசிரியர், அவருக்குப் பதிலாக நின்ற மாணவன், சண்டியன் ஆகிய மூவரும் ஒரே சொற்குடும்பத்துக்குள் அடங்கியிருப்பது பள்ளிக்கூட வரலாறு ஒன்றைச் சொல்லாமற் சொல்கிறது. பிள்ளையைப் பிள்ளை வதைப்பது வயதின் குறும்பினால் மட்டும் விளைவதன்று. பெரியவர்கள் இரவல் கொடுத்த பிரம்பும் அவர்கள் வகுத்து வைத்த இருக்கை ஒழுங்கும் அதற்கு வழி திறந்தன என்பதை, வல்வெட்டித்துறையையும் அதனைச் சூழ்ந்த வடமராட்சிப் பகுதியையும் முன்னிறுத்தி இக்கட்டுரை ஆராய்கிறது.

திண்ணையும் பிரம்பும்

பருத்தித்துறைக்கும் தொண்டைமானாற்றுக்கும் இடையே, யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகரையில் அமைந்த வல்வெட்டித்துறை பாய்க்கப்பல் கட்டியும் ஓட்டியும் வாழ்ந்த துறைமுக ஊராகும். 1930ஆம் ஆண்டில் இங்கே கட்டப்பட்டு, பின்னர் அமெரிக்கர் ஒருவருக்கு விற்கப்பட்டு, 1938இல் இவ்வூர்க் கடலோடிகளாலேயே அமெரிக்கக் கரைக்குச் செலுத்தப்பட்ட 'அன்னபூரணி' என்ற கப்பலால் அதன் பெயர் வெளியுலகில் அறியப்பட்டது. கடலறிவோடு ஏட்டறிவும் இவ்வூரில் வேரூன்றியிருந்தது. உடுப்பிட்டி சிவசம்புப் புலவரின் மாணாக்கரும் 'இயற்றமிழ்ப் போதகாசிரியர்' என்று போற்றப்பட்டவருமான வல்வை ச. வயித்தியலிங்கம்பிள்ளை (1843–1900) 1876இல் வெளியிட்ட 'சிந்தாமணி நிகண்டு' அதற்குச் சான்றாகும். நிகண்டு என்பது சொற்பொருளைச் செய்யுளாகத் தொகுத்துத் தரும் நூல். அக்காலப் பிள்ளை அதனை விளங்கிக்கொள்ளுமுன் மனப்பாடம் செய்ய வேண்டியிருந்தது.

அத்தகைய மனப்பாடக் கல்வியின் களம் திண்ணைப் பள்ளிக்கூடமாகும். ஆசிரியரின் வீட்டுத் திண்ணையிலோ கோயில் மடத்திலோ, வயதும் பாடமும் வேறுபட்ட பிள்ளைகள் ஒன்றாக இருந்து, மணலில் எழுத்துப் பழகி, எண்சுவடியையும் நீதி நூல்களையும் உரத்துச் சொல்லிப் படித்தனர். ஒரே ஆசிரியர் அத்தனை பேரையும் ஒருங்கே கவனிக்க இயலாமையால், முன்னேறிய மாணாக்கன் ஒருவன் பாடம் கேட்கவும், பிந்தி வந்தவரைக் குறித்து வைக்கவும், பல வேளைகளில் தண்டனையை நிறைவேற்றவும் அதிகாரம் பெற்றான். முதலில் வந்த பிள்ளை அடியின்றித் தப்ப, அடுத்தடுத்து வந்தவர்களுக்கு வரிசைப்படி அடி கூடிச் செல்லும் வழக்கமும், விடை சொன்னவன் விடை தெரியாதவனின் தலையில் குட்டும் வழக்கமும், கயிற்றைப் பிடித்துத் தொங்கவிடும் 'கோதண்டம்' என்ற தண்டனையும் தமிழ்நாட்டுத் திண்ணைப் பள்ளிகளைப் பற்றிய நினைவுப் பதிவுகளில் இடம்பெறுகின்றன. ஆசிரியரிடம் வாங்கிய அடியைப் பிள்ளை மறந்துவிடக்கூடும். தன் வயதை ஒத்தவன் கையால், மற்றவர்கள் பார்த்திருக்க, வாங்கிய குட்டு நெடுநாள் நினைவில் நிற்கும். குட்டியவன் நாளை குட்டு வாங்கக்கூடும் என்பதால், அடிப்பதும் அடி வாங்குவதும் கல்வியின் இயல்பான பகுதிகளாகவே பிள்ளைகளின் மனத்தில் பதிந்தன.

இம்முறை தமிழ்நிலத்தோடு நின்றுவிடவில்லை. சென்னை எழும்பூரில் படைவீரர்களின் ஆதரவற்ற ஆண்பிள்ளைகளுக்கென நடந்த விடுதியை 1789இல் பொறுப்பேற்ற அன்ட்ரூ பெல் என்ற மதகுரு, உள்ளூர்ப் பள்ளியொன்றில் பிள்ளைகள் மணலில் எழுதக் கண்டு அதனைத் தம் விடுதியிலும் புகுத்தினார். எட்டு வயதுச் சிறுவன் ஒருவனைக் கொண்டு இளையவர்களுக்கு எழுத்தும் கற்பித்தார். அச்சோதனையைப் பற்றி 1797இல் இலண்டனில் அவர் வெளியிட்ட நூலினால் 'மதராஸ் முறை' என்று பெயர் பெற்ற இவ்வேற்பாடு, ஜோசப் லங்காஸ்டர் தனியே வகுத்த இதையொத்த முறையோடு சேர்ந்து, இங்கிலாந்தின் ஏழைப் பிள்ளைகளின் பள்ளிகளிலும் பின்னர் பேரரசின் பல நாடுகளிலும் பரவியது. மாணவனே மாணவனை மேய்ப்பது ஆசிரியருக்குக் கொடுக்கும் சம்பளத்தை மிச்சப்படுத்தியது. அந்த மிச்சத்தின் விலையைச் சிறிய பிள்ளைகளே செலுத்தினர்.

மொனிற்றரும் மாணவ முதல்வரும்

1814இல் வந்த வெஸ்லியன் மிஷனரிகளும் 1816இல் தெல்லிப்பழையில் பணி தொடங்கிய அமெரிக்க மிஷனரிகளும் யாழ்ப்பாணத்தில் புதிய வகைப் பள்ளிகளை நிறுவினர். 1823இல் வட்டுக்கோட்டையில் செமினரி என்ற உயர்கல்விக்கூடமும், 1824இல் உடுவிலில் பெண்களுக்கான விடுதிப் பள்ளியும் தோன்றின. வடமராட்சியில், பிற்காலத்தில் ஹாட்லிக் கல்லூரி எனப் பெயர் பெற்ற பருத்தித்துறைப் பள்ளி 1838இல் தொடங்கியது. மிஷன் பள்ளிக்கு எதிர்வினையாக ஆறுமுக நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவி, வகுப்புக்கேற்ற 'பாலபாட' நூல்களையும் எழுதினார். சைவர்களின் இம்முயற்சி ஊர்தோறும் பரவிய காலத்தில், 1896இல், வல்வெட்டித்துறையில் சிதம்பராக் கல்லூரி எழுந்தது.

நிருவாகம் எந்தச் சமயத்தாரிடம் இருந்தாலும், ஆங்கிலக் கல்லூரி என்ற அமைப்பின் அச்சு இங்கிலாந்திலிருந்தே வந்தது. 1828 முதல் 1842 வரை ரக்பி பள்ளியின் தலைமை ஆசிரியராக இருந்த தோமஸ் ஆர்னோல்ட், மூத்த மாணவர்களின் கையில் ஒழுக்கக் காவலை ஒப்படைக்கும் முறையை வலுப்படுத்தினார். அவரிடம் படித்த தோமஸ் ஹியூஸ் 1857இல் எழுதிய 'டொம் பிரவுணின் பள்ளி நாட்கள்', மூத்தவன் இளையவனை அடிமைபோல் நடத்துவதைக் கதையின் மையத்துக்குக் கொண்டுவந்த முதல் சிறுவர் நாவல்களுள் ஒன்றாகும். அதில் வரும் பிளாஷ்மன் என்ற கொடுமைக்காரன் ஆங்கில வாசகர்களிடையே பழமொழிபோல் ஆனான். இல்லங்கள், இல்லத் தலைவர்கள், மாணவ முதல்வர்கள் என்று ஆங்கிலப் பள்ளிகளில் வளர்ந்த ஒழுங்கு இலங்கைக் கல்லூரிகளில் அப்படியே நடப்பட்டது. திண்ணையில் சட்டாம்பிள்ளை செய்ததை வகுப்பறையில் 'மொனிற்றர்' தொடர்ந்தான். பேசியவனின் பெயரைக் கரும்பலகையில் எழுதும் அதிகாரம் அவனுடையது. அப்பெயரை அழிப்பதற்கு இனிப்போ பென்சிலோ கைமாறுவது எந்தப் பள்ளி விதிப் புத்தகத்திலும் எழுதப்படாத நடைமுறையாக நிலைத்தது.

குடியேற்றக் காலத் தென்னிந்தியப் பள்ளி ஒன்றினுள் நிலவிய இத்தகைய அதிகாரப் போட்டியை ஆர். கே. நாராயணன் 1935இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட 'சுவாமியும் சினேகிதர்களும்' நுட்பமாகக் காட்டுகிறது. அதில் வரும் மணி, வகுப்பே அஞ்சும் உடல்வலிமை படைத்தவன். இலங்கைத் தமிழில் சொன்னால் வகுப்புச் சண்டியன். ஆயினும் நாவலின் நாயகனான சுவாமிநாதனை மிகவும் வாட்டுவது மணியின் கைகளல்ல. பொலிஸ் அதிகாரியின் மகனான ராஜம் என்ற புதிய மாணவனோடு சுவாமிநாதன் நெருங்கியதும், பழைய நண்பர்கள் அவனை ராஜத்தின் 'வால்' என்று அழைத்து, பேச்சை நிறுத்திக்கொள்வதுதான் அவனை நிலைகுலைக்கிறது. ஒரு சொல்லும் ஒரு மௌனமும் அடியை விட ஆழமாகப் புண்படுத்தும் என்பதை உளவியலாளர்கள் அளந்து பார்க்கத் தொடங்குவதற்குப் பல ஆண்டுகள் முன்னரே அந்நாவல் கண்டுகொண்டது.

வாங்கும் நிலமும்

யாழ்ப்பாணத்தில் நீள இருக்கைக்கு வழங்கும் 'வாங்கு' என்ற சொல் போர்த்துக்கீச மொழியிலிருந்து வந்ததாகும். திண்ணையில் எல்லாரும் தரையில் அமர்ந்த நிலை மாறி, வகுப்பறைக்குள் வாங்கு நுழைந்தபோது, அதில் யார் அமரலாம் என்ற கேள்வியும் அதனோடு நுழைந்தது. தாழ்த்தப்பட்ட சாதிகளைச் சேர்ந்த பிள்ளைகள் பல பள்ளிகளில் சேர்க்கப்படவே இல்லை. சேர்க்கப்பட்ட இடங்களிலும் அவர்கள் நிலத்திலோ வகுப்பறையின் புறத்திலோ இருத்தப்பட்டனர். அதே ஊரில், அதே குளத்தில் மீன் பிடித்து, அதே வயலில் மாடு விரட்டிய சிறுவர்கள், பள்ளி வாசலைத் தாண்டியதும் உயர்ந்தவரும் தாழ்ந்தவருமாகப் பிரிக்கப்பட்டனர். ஒருவனைக் குழுவுக்கு வெளியே நிறுத்துவது எப்படி என்பதைப் பிள்ளைகள் தாமாகக் கண்டுபிடிக்கத் தேவையிருக்கவில்லை. வகுப்பறை ஒவ்வொரு காலையும் அதனை அவர்களுக்குச் செய்து காட்டியது.

இந்த ஒழுங்கை எதிர்த்த முதல் குரல்களுள் ஒன்று மாணவரிடையேயிருந்தே எழுந்தது. ஹன்டி பேரின்பநாயகம் முதலியோரின் முயற்சியால் 1924இல் உருவாகி, பின்னர் யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் எனப் பெயர் பெற்ற இயக்கம், சாதி வேறுபாடின்றி ஒன்றாக அமர்வதையும் ஒன்றாக உண்பதையும் குறிக்கும் 'சம ஆசனம், சம போசனம்' என்ற கோரிக்கையை முன்வைத்தது. 1927இல் காந்தியடிகளை யாழ்ப்பாணத்துக்கு அழைத்ததும் இவ்வியக்கமே. 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில் அரச உதவி பெறும் பள்ளிகளில் சம ஆசனம் வழங்க வேண்டுமென்று கல்வித் திணைக்களம் வற்புறுத்தியபோது, உயர்சாதியார் பலர் தம் பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து மறித்தனர். குடாநாட்டில் பள்ளிக் கொட்டில்கள் பல எரியூட்டப்பட்டன. ஒரு வாங்கில் ஓரமாக ஒரு பிள்ளை அமர்வதைச் சகியாமல் கட்டடத்தையே கொளுத்திய பெற்றோரின் வீட்டிலிருந்து வரும் பிள்ளை, வகுப்பில் பக்கத்திலிருப்பவனை எவ்வாறு நடத்தக் கற்றிருக்கும் என்பதை ஊகிப்பது கடினமன்று.

புறத்தே நிறுத்தப்பட்டோர் தமக்கென்றே பள்ளி கட்டிய வரலாறும் வடமராட்சிக்கு உண்டு. 1914ஆம் ஆண்டளவில் கா. சூரன் கரவெட்டிப் பகுதியில் தொடங்கிய தேவரையாளி சைவ வித்தியாசாலை, பின்னர் தேவரையாளி இந்துக் கல்லூரியாக வளர்ந்து, தலைமுறை தலைமுறையாக ஒடுக்கப்பட்ட மக்களின் பிள்ளைகளுக்கு எழுத்தறிவு அளித்தது. வல்வெட்டித்துறையை அடுத்த பொலிகண்டியில் 1942இல் பிறந்து, அக்கல்லூரியில் கற்று, ஆசிரியராகவும் பணியாற்றிய தெணியான், 1973இல் வெளிவந்த 'விடிவை நோக்கி' தொடங்கித் தம் நாவல்களில் சாதியம் அன்றாட வாழ்வில் இழைக்கும் சிறுமைகளைப் பதிவு செய்தார். கே. டானியலின் 'பஞ்சமர்' (1972) இக்காலத்தின் மற்றொரு பெரும் படைப்பாகும். யாழ்ப்பாண நகரில் வளர்ந்த டொமினிக் ஜீவாவோ, பள்ளியில் சாதியைச் சொல்லித் தம்மை இழிவுபடுத்திய சம்பவம் தம் படிப்பையே முடித்துவைத்ததைத் தன்வரலாற்றில் எழுதினார். அந்தச் சிறுவனே பின்னர் 1966இல் 'மல்லிகை' இதழைத் தொடங்கி, பல பத்தாண்டுகள் நடத்தினான்.

சட்டம் பின்னால் வந்தது. 1957ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம், சாதி காரணமாகப் பள்ளி அனுமதி முதலியவற்றை மறுப்பதைக் குற்றமாக்கியது. 1960இல் உதவி பெறும் பள்ளிகளை அரசு பொறுப்பேற்றதும் முகாமையாளரின் விருப்பப்படி பிள்ளையை விலக்கும் வாய்ப்பு குறைந்தது. வாங்கில் இடம் கிடைத்தது. பக்கத்தில் இருப்பவன் சற்று நகர்ந்து இடம் கொடுப்பானா என்பதைச் சட்டம் தீர்மானிக்க இயலவில்லை.

பட்டமும் பகிடியும்

பிள்ளைகளின் உலகில் கொடுமைக்கு வழங்கிய பெயர்கள் பெரும்பாலும் விளையாட்டின் பெயர்களாகவே இருந்தன. 'பகிடி' என்பது யாழ்ப்பாணத்தில் வேடிக்கையைக் குறிக்கும். 'நக்கல்', 'நளினம்', 'சேட்டை' ஆகியவையும் அதனோடு உறவுடைய சொற்கள். ஒருவனுக்கு உடலமைப்பையோ குடும்பத் தொழிலையோ சுட்டிப் பெயர் வைத்துக் கூப்பிடுவதைப் 'பட்டம் தெளித்தல்' என்பர். தைப்பொங்கல் நாளில் வல்வெட்டித்துறைக் கடற்கரையில் போட்டிக்கு ஏற்றப்படும் பட்டங்களால் ஊருக்குப் புகழ் தந்த அதே சொல், வகுப்பறையில் ஒரு பிள்ளையை வாழ்நாள் முழுதும் துரத்தும் பெயராகவும் அமைந்தது. பேச்சை நிறுத்திக்கொள்வதற்குக் 'கோபம் போடுதல்' என்று பெயர். ஒருவனோடு வகுப்பே கோபம் போட்டால், அவன் ஆசிரியரிடம் முறையிடவும் முடியாது, முறையிட்டால் 'கோள்மூட்டி' என்ற இன்னொரு பட்டம் காத்திருக்கும். சொல்லாதே என்ற இவ்விதியை எந்த ஆசிரியரும் கற்பிக்கவில்லை. ஆயினும் பள்ளியின் எல்லா விதிகளிலும் மிகக் கண்டிப்பாகக் காக்கப்பட்டது அதுவேயாகும்.

இத்தகைய கூட்டு நடத்தைக்குக் கல்வியியலார் தனிப் பெயர்கள் இட்டனர். ஒத்த வயதும் நிலையும் உடையோரின் கூட்டத்தை இலங்கையின் கல்வி உளவியல் நூல்கள் 'ஒப்பார் குழு' என்கின்றன. அக்குழு தன் போக்குக்கு உறுப்பினரை வளைப்பதே ஒப்பார் அழுத்தம். 1950களில் அமெரிக்க உளவியலாளர் சொலமன் ஆஷ் நடத்திய புகழ்பெற்ற ஆய்வில், கோடுகளின் நீளத்தை ஒப்பிடும் எளிய பணியில், சூழ இருந்தவர்கள் வேண்டுமென்றே தவறான விடையை ஒருமித்துச் சொன்னபோது, சோதிக்கப்பட்டோரின் விடைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அத்தவற்றோடு ஒத்துப்போயிற்று. கூட்டத்தில் ஒரேயொருவர் சரியான விடையைச் சொன்னதும் அந்த ஒத்துப்போதல் பெருமளவு சரிந்தது. சுவீடனில் பிறந்து நோர்வேயில் பணியாற்றிய டான் ஒல்வேயஸ் 1973இல் வெளியிட்ட நூல், பள்ளிக்கூட வதையை முறைப்படி ஆராய்ந்த முன்னோடியாகும். துன்புறுத்தும் நோக்கம், மீண்டும் மீண்டும் நிகழ்தல், வலிமைச் சமமின்மை என்ற மூன்று அடையாளங்களை அவர் அதற்கு வகுத்தார். மூன்றாவதே திண்ணையையும் வகுப்பறையையும் விளங்கிக்கொள்ள உதவும் திறவுகோல். பிரம்பு யார் கையில் இருந்தது, வாங்கு யாருக்கு வழங்கப்பட்டது என்ற கேள்விகள் வலிமைச் சமமின்மையைப் பற்றியவையே.

1945இல் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வியும், கிராமத்துத் திறமைசாலிகளைப் பெரிய பள்ளிகளுக்கு அனுப்பும் ஐந்தாந்தரப் புலமைப்பரிசில் பரீட்சையும் எளிய குடும்பங்களுக்குப் பெருவாயிலைத் திறந்தன. அதே வேளையில், பத்து அல்லது பதினொரு வயதில், தன் ஊர் அரிவரி வகுப்பிலிருந்து உடன் வந்த நண்பர்களைப் பிரிந்து, பெயர் தெரியாத கூட்டத்துள் நுழையும் பிள்ளையையும் இந்த வழி உருவாக்கியது. ஆறாந்தரம் முதல் ஒன்பதாந்தரம் வரையான கனிட்ட இடைநிலைப் பருவமே புதிய நட்பு வட்டங்கள் உருவாகி, யார் உள்ளே யார் வெளியே என்று தீர்மானிக்கப்படும் காலமாகும். பேச்சு வழக்கு, உடை, மதிய உணவு, தந்தையின் தொழில் என எதுவும் அத்தீர்ப்புக்குக் காரணமாகலாம். போர்க்காலத்தில் இந்நிலை கடுமையாயிற்று. 1985இலும் 1989இலும் வல்வெட்டித்துறையில் பொதுமக்கள் பலர் கொல்லப்பட, குடும்பங்கள் மீண்டும் மீண்டும் இடம்பெயர்ந்தன. இடம்பெயர்ந்த பிள்ளை ஒவ்வொரு புதிய பள்ளியிலும் அந்நியனாகவே அமர நேர்ந்தது.

பகிடி என்ற சொல் தன் முகமூடியைக் கழற்றியது பல்கலைக்கழகத்திலாகும். புதுமுக மாணவரை மூத்த மாணவர் துன்புறுத்துவதற்கு இலங்கைத் தமிழ் 'பகிடிவதை' என்று பெயரிட்டது. வேடிக்கையும் வதையும் ஒன்றாக நிற்கும் இச்சொல், செய்பவன் சொல்வதையும் படுபவன் அறிவதையும் ஒருங்கே காட்டுகிறது. 1997இல் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் மாணவர் ஒருவர் இத்தகைய வதையின் விளைவாக உயிரிழந்தமை நாட்டை உலுக்கியது. அடுத்த ஆண்டே, 1998இன் 20ஆம் இலக்கச் சட்டம் பகிடிவதையைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. தமிழ்நாட்டில், 1996இல் சிதம்பரத்தில் மருத்துவ மாணவர் ஒருவர் கொல்லப்பட்டதையடுத்து, 1997இல் இதையொத்த சட்டம் இயற்றப்பட்டிருந்தது. இலங்கைச் சட்டம் உயர்கல்வி நிறுவனங்களையே குறிவைத்தது. பள்ளிகளைப் பொறுத்தவரை, 2005ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சுற்றறிக்கை ஆசிரியரின் பிரம்பைத் தடை செய்தது; 2021இல் உயர் நீதிமன்றம், மாணவரை அடித்தல் கொடூரமானதும் இழிவானதுமான நடத்துகைக்கு எதிரான அரசியலமைப்பு உரிமையை மீறுவதாகத் தீர்ப்பளித்தது. சட்டம்பியின் கையிலிருந்த பிரம்பு இவ்வாறு நூற்றாண்டு கடந்து கீழே வைக்கப்பட்டது.

எழுதப்பட்டதும் எழுதப்படாததும்

இவ்வளவு நீண்ட அனுபவம் சிறுவர் இலக்கியத்தில் எவ்வாறு பதிந்தது என்பதே எஞ்சும் வினா. ஈழத்துச் சிறுவர் இலக்கியம் நாவலைவிடப் பாட்டின் வழியே வளர்ந்தது. நவாலியூர் சோமசுந்தரப் புலவரின் (1878–1953) பாடல்கள் ஊரின் பண்டிகையையும் தோட்டத்தையும் நகைச்சுவையையும் பிள்ளைகளின் நாவில் ஏற்றின. பள்ளி வாசகங்களோ நாவலர் காலம் தொட்டு களவு, பொய், கோபம், பொறாமை ஆகியவற்றைத் தனிமனிதக் குற்றங்களாகக் கண்டித்தன. பலர் சேர்ந்து ஒருவனை ஒதுக்குவது இந்த அறப் பட்டியலில் தனித் தலைப்புப் பெறவில்லை. ஏனெனில், ஒதுக்குதல் என்பது அக்காலப் பெரியவர்களின் சமூக ஒழுங்காகவே இருந்தது. பிள்ளைக்கு அதைப் பிழையென்று சொன்னால் வகுப்பறையின் இருக்கைகளையும் மாற்ற வேண்டியிருந்திருக்கும்.

ஆகவே அக்கதை சிறுவர் நூல்களில் அன்றி, வளர்ந்தோருக்கான நாவல்களிலும் தன்வரலாறுகளிலும், நெடுநாள் கழித்துச் சொல்லப்பட்டது. சொன்னவர்கள் பெரும்பாலும் நிலத்தில் இருத்தப்பட்டவர்கள். அவர்களது எழுத்தின் வலிமை அந்த நிலத்திலிருந்தே பிறந்தது. ஆனால் வகுப்பறையில் அதிகமானோர் அடித்தவரும் அல்லர், அடிபட்டவரும் அல்லர். வாங்கில் அமர்ந்து பார்த்துக்கொண்டிருந்தவர்கள். ஆஷின் ஆய்வு காட்டிய அந்த ஒற்றைக் குரல் அவர்களிடமிருந்துதான் வர முடியும். சம ஆசனம் என்ற கட்டளையும் இறுதியில் அவர்களுள் ஒருவன் சற்று நகர்ந்து அமர்வதிலேயே நிறைவேறியது. நிலத்தில் இருந்தவர்கள் தம் கதையை எழுதி வைத்திருக்கின்றனர். வாங்கில் இருந்தவர்களின் கதை இன்னும் அரிதாகவே எழுதப்பட்டுள்ளது.